இல்ல வலைப்பந்து: பாடசாலை ரீமில் இடம் கிடைக்காத பிள்ளைகளின் ஆட்டம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் 1000 பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வையுங்கள். பாடசாலை வலைப்பந்து (நெற்போல்) ரீமில் ஒரு வயதுப் பிரிவுக்கு 12 பேர், மூன்று பிரிவுக்கும் சேர்த்து 36 பேர். அவர்கள் வலயமட்டம், மாகாணமட்டம் என்று போவார்கள், வென்றால் காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் கை தட்டுவார்கள், கல்லூரி மலரில் படம் வரும். உழைத்தவர்கள், அவர்களுக்கு அது வேண்டும். சரி, மிச்சம் 964 பேர்?

இந்தக் கேள்விக்கு எங்கள் பாடசாலைகள் மிக நல்ல ஒரு விடையை வைத்திருந்தன. ஒரே பாடசாலைப் பிள்ளைகளைப் பிரித்துவைக்கும் இல்லங்களுக்கிடையிலான வலைப்பந்தாட்டம். நாலு இல்லம், மூன்று பிரிவு, பதில் ஆட்டக்காரரோடு அணிக்குப் பத்துப் பேர் என்றால் 120 பிள்ளைகள். அதற்கு முன்னால் இல்லத்துக்குள் நடக்கும் தெரிவுக்கு வந்து பந்து பிடித்துப் பார்ப்பவர்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம். இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, ஏன் இல்லப் போட்டிக்கு இவ்வளவு பொருந்துகிறது, இப்போது அது ஏன் ஒரே நாளில் அவசரமாக முடிந்துபோகும் ஒன்றாகச் சுருங்குகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் பாடசாலை ரீமில் ஒருநாளும் ஆடியதில்லை. இல்லத்துக்காக மூன்று வருடம் ஆடினேன். இப்போது யாராவது கூப்பிட்டால் இல்லப் போட்டிகளுக்கு விசில் ஊதப் போகிறேன்.

முதலில் ஆட்டத்தின் கதை. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் உள்ளே ஆடுவதற்காகக் கூடைப்பந்தை உண்டாக்கினார். ஒன்றிரண்டு வருடத்துக்குள் அது கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய், மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண்மணி நடத்திய பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரிக்குள் நுழைந்தது. அங்கே படித்த பெண்கள் நிலம் கூட்டும் நீளப் பாவாடையோடு ஆட வேண்டியிருந்தது. அந்த உடுப்போடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, ஆளோடு ஆள் மோதிப் பறிப்பது பெண்களுக்கு அழகில்லை என்ற எண்ணமும் அந்தக் காலத்தில் இருந்தது. ஆகவே பந்தோடு ஓடக்கூடாது, பறிக்கக்கூடாது, களத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொருவரும் தன் பகுதிக்குள் நிற்க வேண்டும் என்று விதி வளர்ந்தது. 1901இல் இங்கிலாந்தில் விதிகள் அச்சில் வந்தன. அந்தப் பெண்கள் ஆசிரியைகளாகி பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்கெல்லாம் போனார்கள், ஆட்டமும் கூடவே போனது.

இலங்கையில் 1920களில் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில், பெண் சாரணியர் வழியாக அது தொடங்கியதாகப் பதிவு இருக்கிறது. நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயம், அதிகம் பேருக்குத் தெரியாதது: இந்த விளையாட்டின் உலகச் சம்மேளனம் உருவானதே இலங்கையில்தான். அதுவரை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி, நியூசிலாந்தில் அணிக்கு ஒன்பது பேர், இங்கிலாந்தில் ஏழு பேர். 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் இங்கே கூடி ஒரே விதியை ஏற்றுக்கொண்டு சம்மேளனத்தை ஆரம்பித்தார்கள். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஆடிய 11 அணிகளில் இலங்கையும் ஒன்று.

இனி இல்லங்கள். இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் உண்மையாகவே வெவ்வேறு வீடுகளில் தங்கினார்கள், அந்த வீடுகளுக்கிடையில் போட்டி வைத்தார்கள். அதிலிருந்து வந்த சொல்தான் எங்கள் ‘இல்லம்’. யாழ்ப்பாணத்துக்கு இது மிஷன் பாடசாலைகளோடு வந்தது. உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் அமெரிக்க மிஷனால் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையாகத் தொடங்கப்பட்டது, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி 1896இல். வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை மெதடிஸ்ட் மிஷனின் கை. சைவப் பிள்ளைகளுக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி கட்டினார், யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி 1943இல் வந்தது. மதம் வேறு, நிர்வாகம் வேறு என்றாலும் இல்ல முறை மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஓரிடத்தில் இல்லங்களுக்கு மிஷனரி அதிபர்களின் பெயர், இன்னோரிடத்தில் தமிழ்ப் புலவர்களின் பெயர், வேறோரிடத்தில் ஆறுகளின் பெயர். உள்ளே நடப்பது ஒன்றுதான்: நிறக்கொடி, இல்லத் தலைவி, பொறுப்பாசிரியர், முதலாம் தவணையில் மெய்வல்லுநர் போட்டி, அப்புறம் வலைப்பந்து.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. இந்த இரண்டுக்கும் பிறகு, விடுதிக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பெண்களின் ஆட்டமாக இருந்தது ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது. வலைப்பந்துக்குப் பெரிய மைதானம் தேவையில்லை என்பது இதில் பெரிய உதவி. 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் உள்ள தட்டையான நிலம் இருந்தால் போதும். 3.05 மீற்றர் உயரத்தில் வளையம் வைத்த இரண்டு கம்பங்கள், ஒரு பந்து. கூடைப்பந்துக்கு வேண்டிய பின்பலகை இதற்கு வேண்டாம். கிரிக்கெட் மைதானத்தின் ஒரு மூலை காணும். வகுப்பறைக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முற்றம் இருந்தாலும் சமாளிக்கலாம், ஊர்ப் பாடசாலைகள் அப்படித்தான் சமாளித்தன.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வலைப்பந்தின் விதிகள் பெண்களைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே பிறந்தவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தக் கட்டுத்தான் வேலிக்குள் இருந்த பிள்ளையை மைதானத்துக்கு வரவிட்டது. மோதல் இல்லை, விழுந்து புரளுவதில்லை, பாடசாலை மதிலுக்குள்ளேயே நடக்கிறது, பார்ப்பவர்களும் பெண்கள் என்றவுடன் பல வீடுகளில் ‘சரி, போ’ என்றார்கள். சாமத்தியப்பட்ட பிறகு ‘இனி என்ன பந்து விளையாட்டு’ என்று நிறுத்தப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். ‘வெயிலில் நின்று கறுத்துப் போவாய்’ என்பது இன்றும் கேட்கிற வசனம். அந்த வீடுகளில்கூட ‘இல்லத்துக்கு ஆள் காணாதாம், ரீச்சர் வரச் சொன்னவ’ என்றால் மறுப்பது கஷ்டம். பாடசாலை ரீமுக்குப் போவது பிள்ளையின் ஆசை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லத்துக்கு ஆடுவது கடமை மாதிரி. அந்தச் சாட்டு எங்களுக்குப் பெரிய உதவி.

இல்லத்துக்கு ஆட்களைப் பிரிக்கும் விதமும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் சேர்வு இலக்கத்தின் ஒழுங்கில்தான் பிரிப்பார்கள், அக்கா இருந்த இல்லத்தில் தங்கை சேரலாம் என்பது மட்டும் ஒரு விலக்கு. யார் எந்த ஊர், தகப்பன் என்ன தொழில், என்ன சாதி என்று யாரும் பார்ப்பதில்லை. இது சாதாரண விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்துகிறேன். 1929இல் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது இந்த மண்ணில் எதிர்ப்புக் கிளம்பி, அதன் தொடர்ச்சியாகப் பாடசாலைகளே எரிக்கப்பட்டன. ஒரே வாங்கில் இருப்பதற்கே அவ்வளவு சண்டை நடந்த ஊரில், பெயர்ப் பட்டியலின் ஒழுங்கில் ஏழு பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தி, ஒருத்தி பிடித்த பந்தை மற்றவள் வாங்கி, இடைவேளையில் ஒரே வாளித் தேசிக்காய்த் தண்ணீரை ஒரே கோப்பையால் மாறி மாறிக் குடிக்க வைத்தது இந்த இல்ல ஆட்டம். அதனால் சாதி ஒழிந்தது என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் பொய். அந்தக் கோப்பை கைமாறியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், அதுவரைதான் சொல்கிறேன்.

வயதும் அப்படித்தான் கலக்கும். வகுப்பறையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளை பத்தாம் ஆண்டோடுதான். இல்லத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு உயர்தரம் படிக்கும் அக்கா பந்தைப் பிடிக்கிற விதம் காட்டிக் கொடுப்பார், விரல்களை விரி, நெஞ்சுக்கு இழு, வலது காலை அசைக்காதே என்று. அந்த அக்காவின் பெயர் நாற்பது வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கும், கணிதம் படிப்பித்த ரீச்சரின் பெயர் மறந்துபோனாலும்.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இல்லப் போட்டி என்றால் திறமையானவர்களும் புதிதாக வந்தவர்களும் ஒரே அணியில் கலந்திருப்பார்கள். பெரும்பாலான விளையாட்டுக்களில் இந்தக் கலவை சரிவராது. கரப்பந்தில் பந்தை எடுக்கத் தெரியாத ஒருத்தியைக் கண்டுபிடித்து எதிரணி அவளுக்கே பந்தை அடித்துக்கொண்டிருக்கும், அவள் அழுதுகொண்டு வெளியே போவாள். ஓட்டத்தில் வேகமானவள் வெல்வாள், அவ்வளவுதான் கதை. கால்பந்தில் நல்லாக ஆடும் ஒருத்தி எல்லோரையும் கடந்து தானே கோல் போடலாம். வலைப்பந்தில் முடியாது.

ஏன் முடியாது என்று பாருங்கள். ஏழு பேருக்கும் ஏழு பெயர், நெஞ்சில் எழுத்துக் கட்டியிருக்கும். வளையத்துக்குள் பந்து போட அனுமதி இரண்டே பேருக்கு, ஜீ.எஸ் (கோல் சூட்டர்), ஜீ.ஏ (கோல் அற்றாக்). அதுவும் கம்பத்தைச் சுற்றி 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்துக்குள் நின்றால் மட்டும். ஜீ.எஸ் அந்த மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியே வர முடியாது. நடுவில் ஆடும் சென்ரர் களம் முழுக்க ஓடலாம், ஆனால் இரண்டு அரைவட்டத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. பந்தைப் பிடித்தால் அதோடு ஓட முடியாது, 3 செக்கனுக்குள் கையை விட்டுப் போக வேண்டும். ஒரு பகுதியை முழுசாகத் தாண்டி எறியவும் முடியாது, ஒவ்வொரு பகுதியிலும் யாராவது பந்தைத் தொட வேண்டும். எதிரே நின்று மறிப்பவள் 0.9 மீற்றர், அதாவது மூன்று அடி தள்ளித்தான் நிற்கலாம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்ன வருகிறது? ஒரு இல்லத்தில் மாகாணமட்டத்தில் ஆடும் ஜீ.எஸ் இருந்தாலும், மற்றவர்கள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அவள் வட்டத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். புதிதாக வந்த ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையிடம் பந்து வந்தே தீரும், வந்தால் யாரும் கையிலிருந்து பறிக்க முடியாது, அவளுக்கென்று 3 செக்கன் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. கோல் விழுந்த பிறகு நடுவிலிருந்து பந்தை எடுக்கும் முறை, யார் கோல் போட்டார்கள் என்று பார்க்காமல் இரண்டு அணிக்கும் மாறி மாறிப் போகும். அதனால் தோற்றுக்கொண்டிருக்கிற இல்லத்துக்கும் பந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். நல்ல அணி வெல்லும்தான், ஆனால் மெலிந்த அணி பந்தையே தொடாமல் வீட்டுக்குப் போவது இந்த ஆட்டத்தில் நடக்காது. நீளப் பாவாடைக்காக எழுதிய விதிகள்தான், இல்ல ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை யாரும் யோசித்து எழுதியிருக்க முடியாது.

நான் டபிள்யூ.டி, அதாவது விங் டிஃபென்ஸ். அந்த எழுத்தை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. கோல் போட முடியாது, வட்டத்துக்குள் நின்று தடுக்கவும் முடியாது, பார்ப்பவர்கள் கண்ணில் அநேகமாகப் படாத இடம். எதிரணியின் டபிள்யூ.ஏ (விங் அற்றாக்) எங்கே போனாலும் நானும் போக வேண்டும், அவள் பந்தைப் பிடிக்கக்கூடாது, பிடித்தாலும் வசதியாக எறியக்கூடாது. அவள் என் வகுப்பில் என் பக்கத்து மேசை. யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண் களம், நாலு ஓட்டத்தில் வெள்ளைச் சப்பாத்தும் காலுறையும் காவி நிறமாகிவிடும், வீட்டில் அம்மா எவ்வளவு தோய்த்தாலும் போகாது. அன்று பின்னேரம் அவளோடு முறைத்துக்கொண்டு ஆடிவிட்டு அடுத்த நாள் காலை அவளுடைய கொப்பியைப் பார்த்துத்தான் விஞ்ஞானம் எழுதினேன். இல்லப் போட்டியில் எதிராளி வேறு பாடசாலைப் பிள்ளை இல்லை என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். தோற்றுவிட்டு பஸ் ஏறிப் போய்விட முடியாது. நாளைக்கும் அதே முகம்தான். அதோடு எப்படி இருப்பது என்பதை அந்த வயதில் பழக வேண்டியிருந்தது.

நான் ஆடியது 1996க்குப் பிறகு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போருக்குப் பயந்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்தபோது பாடசாலையில் வாங்கு மேசை பாதி இல்லை, களத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல், ஒரு கம்பம் இருந்தது, மற்றதைக் காணவில்லை. பொருட்கள் கப்பலில் வந்த காலம். புதுப் பந்து என்பது நினைத்தும் பார்க்க முடியாதது. இருந்த ஒரு பந்தின் மேல்தோல் உரிந்து வழுவழு என்றிருக்கும், காற்றுப் போனால் சைக்கிள் கடைக்கார ஐயாவிடம் கொண்டு ஓடுவோம். பின்னேரம் ஊரடங்கு என்பதால் நேரத்தோடு முடித்துவிட வேண்டும். அந்த நிலைமையில் பாடசாலை ரீம் என்று ஒன்றைக் கட்டி வெளியே கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. சோதனைச் சாவடி, பஸ் இல்லை, பெற்றோர் விடமாட்டார்கள். இல்லப் போட்டியை மட்டும் வைக்கலாம். மதிலுக்கு வெளியே போகத் தேவையில்லை.

அதனால்தான் முதலில் திரும்பி வந்தது இல்ல ஆட்டம். அதிபர் அம்மா சுண்ணாம்புத் தூளைத் தானே கையில் எடுத்துக் கோடு போட்டது ஞாபகம் இருக்கிறது. ஒரு பக்கம் கம்பம் இல்லாததால் வேப்பமரக் கிளையில் கம்பி வளையத்தைக் கட்டினார்கள், உயரம் சரியாக இருந்திருக்காது, யாரும் முறையிடவில்லை. இடம்பெயர்ந்து வேறு பாடசாலைகளிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளையும் நாலு இல்லத்துக்குள் பிரித்துப் போட்டார்கள். வகுப்பில் அவர்களோடு பேசுவதற்கு எங்களுக்கு ஒரு மாதம் எடுத்தது, களத்தில் ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. பெயர் தெரியாவிட்டாலும் ‘சென்ரர், இஞ்சால!’ என்று கத்தலாம், எழுத்து நெஞ்சில் இருக்கிறதே.

யாழ்ப்பாணத்து வலைப்பந்து என்றவுடன் எல்லோரும் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். புன்னாலைக்கட்டுவன் பக்கத்துப் பிள்ளை, 6 அடி 10 அங்குல உயரம், இலங்கை அணிக்கு ஜீ.எஸ்ஸாக ஆடியவர். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை இலங்கை திரும்ப வென்ற அணியில் இருந்தவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு அந்தப் போட்டியிலேயே அதிக கோல் போட்டவர் ஆனார். அவர் உயரம் எல்லோருக்கும் வராது. ஆனால் இங்கே உயரமாக வளர்கிற ஒவ்வொரு பெண்பிள்ளையும் ‘பனைமரம்’ என்று பழிப்புக் கேட்டு, ‘இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது’ என்ற பெருமூச்சையும் கேட்டு, கூனிக்கொண்டு நடக்கப் பழகுகிறாள். இல்லத் தெரிவின் அன்று அவளைக் கண்டவுடன் இல்லத் தலைவி ஓடிவந்து ஜீ.கே (கோல் கீப்பர்) எழுத்தைக் கையில் கொடுப்பாள். ‘நீ நிமிர்ந்து நில், கையைத் தூக்கு, அது போதும்.’ தன் உயரத்தை ஒருவர் கேட்டு வாங்குவது அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். இதை நான் விசில் ஊதப் போன இடங்களில் இப்போதும் காண்கிறேன்.

இல்லத் தலைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினேழு பதினெட்டு வயது. ஏழு எழுத்துக்குப் பதினைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள், அதில் ஒருத்தி தன் சிநேகிதி, ஒருத்தி பொறுப்பாசிரியரின் மகள். யாரை விடுவது? விட்ட பிள்ளைக்கு என்ன சொல்வது? இதைச் செய்து முடித்தவள் பிறகு ஒரு வங்கிக் கிளையையோ ஆஸ்பத்திரி வார்ட்டையோ நடத்தும்போது தடுமாறமாட்டாள் என்று நான் நம்புகிறேன். பாடசாலை ரீமில் இந்த முடிவுகளைப் பெரும்பாலும் பயிற்றுநர் எடுத்துவிடுகிறார். இல்லத்தில் பிள்ளைகளிடம்தான் விடுகிறார்கள், விடவும் வேண்டும். சில இடங்களில் பொறுப்பாசிரியர்கள் வெற்றிக்கு ஆசைப்பட்டு, பட்டியலைத் தாங்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மத்தியஸ்தமும் அப்படித்தான். இல்லப் போட்டியின் கீழ்ப்பிரிவு ஆட்டங்களுக்கு மேற்பிரிவுப் பிள்ளைகள் இரண்டு பேர் விசில் ஊதலாம். விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதை விட, காலடி பிழையா இல்லையா என்று ஒரு செக்கனில் சொல்லிவிட்டு, தன் இல்லத்துப் பிள்ளைகள் கத்துவதையும் கேட்டுக்கொண்டு, சொன்னதில் நிற்பது பெரிய பாடம். எங்கள் மாவட்டத்தில் பெண் மத்தியஸ்தர்கள் காணாது என்று ஒவ்வொரு வருடமும் கதைக்கிறோம். அவர்களை உருவாக்கும் இடம் இதுதான்.

சரி, இப்போது என்ன நடக்கிறது. பாடசாலை விட்டு அரைமணித்தியாலத்தில் ரியூசன். ஒன்பதாம் ஆண்டிலேயே சாதாரண தரத்துக்கு ஓடத் தொடங்குகிறார்கள், பதினோராம் ஆண்டுப் பிள்ளை களத்தில் நின்றால் பெற்றோர் அதிபருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். உயர்தரத்தில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியின் மூன்றாம் தசமத்துக்குப் போட்டி. பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். போரில் எல்லாம் போன பிறகு படிப்பு ஒன்றுதான் மிச்சம் என்று நம்பிய தலைமுறை இது. ஆனால் இதன் விளைவு, முன்பு இரண்டு மூன்று கிழமை நடந்த இல்லப் போட்டி ஒரே நாளில் விலகல் முறையில் முடிகிறது. நாலு இல்லத்தில் இரண்டு இல்லம் ஒரே ஒரு ஆட்டத்தோடு வீடு. ஒரு பாடசாலையில் நான் கடைசியாக ஊதிய போட்டியில் ஒரு பாதிக்கு 5 நிமிடம் கொடுத்தார்கள். இடம் மாறி நிற்பதற்குள் விசில். ஒரு பிள்ளை பந்தைத் தொடாமலே எழுத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள், எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

அப்படி நேரம் இல்லாமல் இல்லை. நாலு இல்லம் ஒவ்வொன்றோடும் ஒருமுறை ஆடினால் ஒரு பிரிவுக்கு 6 ஆட்டம், மூன்று பிரிவுக்கு 18. சர்வதேச ஆட்டம் 15 நிமிடப்படி நாலு கால்பகுதிகள், பாடசாலைக்கு 8 நிமிடப்படி வைத்தால் இடைவேளையோடு ஒரு ஆட்டம் 40 நிமிடத்தில் முடியும். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் என்றால் 9 நாள். கிழமைக்கு மூன்று நாள் ஒதுக்கினால் மூன்று கிழமை. ஒரு பிள்ளை மொத்தமாகக் களத்தில் நிற்பது மூன்று ஆட்டம், அதாவது இரண்டு மணித்தியாலம். வருடத்தில் இரண்டு மணித்தியாலம் ரியூசனுக்குப் போகாததால் யாருடைய இசட் புள்ளியும் குறையப் போவதில்லை. பயிற்சிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும், அதற்குக் காலையில் மணி அடிக்க முன்னுள்ள அரைமணித்தியாலம் காணும்.

ஆட்டத்தின் கெட்ட பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் சரியில்லை. பந்தைப் பிடித்தவுடன் நிற்க வேண்டும் என்ற விதியால் ஓடி வந்த வேகம் முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்குகிறது. முழங்கால் மூட்டின் உட்தசைநார் அறுவது உலகம் முழுக்க வலைப்பந்துப் பெண்களுக்கு வரும் காயம். பாடசாலை ரீமுக்குப் பயிற்றுநர் இருக்கிறார், உடம்பைச் சூடாக்கி ஆட விடுகிறார். இல்லப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து நேரே ஓடிவந்து சீமெந்துத் தரையில் குதிக்கிறார்கள், சிலர் சப்பாத்தும் இல்லாமல். பத்து நிமிடம் உடலைத் தளர்த்தி, இரண்டு காலிலும் முழங்காலை மடக்கி இறங்கப் பழக்கிவிட்டு ஆட விடுங்கள். மண் களம் இருந்தால் மண்ணிலேயே ஆடட்டும், பளபளப்பான சீமெந்துக்கு ஆசைப்படத் தேவையில்லை. அப்புறம் மாதவிடாய். அந்த நாளில் ஆட வர முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, இல்லத்தை விட்டே விலகின பிள்ளைகளை எனக்குத் தெரியும். மலசலகூடத்தில் தண்ணீரும், அலுவலகத்தில் கேட்டால் கொடுக்க அணையாடையும், பட்டியலில் ஒரு பதில் ஆட்டக்காரரும் இருந்தால் தீர்கிற பிரச்சினை அது.

கடைசியாகப் பதிவுகள். பாடசாலை ரீமின் வெற்றிகள் பரிசளிப்பு விழா அறிக்கையிலும் மலரிலும் இருக்கின்றன. இல்லப் போட்டிக்கு இருப்பது மண்டபத்தில் தொங்கும் மரக் கேடயமும் அதில் ஆணியடித்த சின்னச் சின்ன வெள்ளித் தகடுகளும்தான். வருடம், இல்லத்தின் பெயர், அவ்வளவே எழுதியிருக்கும். எங்கள் கேடயத்தில் 1994க்கு அடுத்த தகடு 1997. நடுவில் இரண்டு தகட்டுக்கான இடத்தை வெறுமையாக விட்டு அடித்திருக்கிறார்கள், யார் அப்படி யோசித்தார்களோ தெரியாது. அந்தத் தகடுகளில் ஆடியவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. பழைய மாணவிகள் சங்கக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் இல்லப் படங்களை எடுத்து, பின்பக்கத்தில் யார் எந்த எழுத்துக் கட்டியிருந்தார்கள் என்று பென்சிலால் எழுதிக் கொண்டுவாருங்கள். சென்ரரையும் ஜீ.எஸ்ஸையும் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள், டபிள்யூ.டியை முதலில் எழுதுங்கள்.